உதட்டில் இருக்கிறது கமகம்: ரோலண்ட் ஏரோஃபோன் ஏஈ-10, சென்னைப் பயன்பாட்டில்

காலையில் பின்னணி இசை வேலை, மதியம் மின்னிசை வகுப்பு, மாலையில் கச்சேரி அல்லது கல்யாண வரவேற்பு. சென்னையில் சாக்ஸஃபோனை நம்பி வாழ்கிறவர் பலருக்கு நாள் இப்படித்தான் மூன்றாகப் பிரிகிறது. இந்த மூன்றுக்கும் உதவும் என்று சொல்லி விற்கப்படுவது ஊதி வாசிக்கும் மின்கருவி. உள்ளே ரீட் அதிராது, காற்றுத் தண்டும் கிடையாது. மூச்சின் அழுத்தத்தையும் உதட்டின் கடியையும் விரல்களின் நிலையையும் உணர்விகள் அளந்து சொல்ல, ஒலியை உள்ளிருக்கும் சின்த் என்னும் மின்னொலிப் பொறியோ கணினியோ எழுப்பும். அந்த வகையில் ரோலண்ட் 2016-ல் கொண்டுவந்த ஏரோஃபோன் ஏஈ-10 பற்றியது இந்த விமர்சனம். இதற்குப் பின் ஏஈ-30, ஏஈ-20 என்று புதியவை வந்துவிட்டன. ஆனால் கையிருப்புக் கருவியாகவும் இரண்டாம் கை வாங்கலாகவும் ஏஈ-10 பற்றிய கேள்விகள் ஓயவில்லை. கீழே சொல்லும் அமைப்பு வேலைகளில் பெரும்பாலானவை புதிய மாடல்களுக்கும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மின்னிசை வகுப்புக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைப்பது அரிது. இசையமைப்பு வேலைக்கு, ஒரு மாலை உட்கார்ந்து சரியாக அமைத்துக்கொண்டால் மிக நல்லது. ஆல்ட்டோ சாக்ஸுக்கு மாற்றாக மேடையில் இதை மட்டும் நம்பி நிற்பதற்கு அல்ல. கர்நாடக இசை வாசிக்கிறவர் இதில் முதலில் பார்க்க வேண்டியது டோன் எத்தனை இருக்கிறது என்பதை அல்ல, உதட்டு உணர்வி எப்படி நடந்துகொள்கிறது என்பதை.

காரணம் எளிது. ஆல்ட்டோவில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைப்பது, மூன்று இடத்திலிருந்து வருகிறது: உதட்டுப் பிடியைத் தளர்த்தி இறுக்குவது, தொண்டையின் வடிவத்தை மாற்றுவது, கீயைப் பாதி திறந்த நிலையில் நழுவவிடுவது. கத்ரி கோபால்நாத் இந்தப் பித்தளைக் குழாயில் தோடியையும் பைரவியையும் ஒலிக்க வைத்ததற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு இந்த மூன்றிலும்தான் இருக்கிறது. மின்கருவியில் கீ என்பது சுவிட்ச். அழுத்தியிருக்கிறது, அழுத்தவில்லை, அவ்வளவுதான். பாதி திறப்பு என்ற ஒன்றே கிடையாது. தொண்டை வடிவமும் கணக்கில் வராது. மிஞ்சுவது உதடு ஒன்றே. அதையும் எடுத்துவிட்டால் கருவி கீபோர்டு ஆகிவிடும்.

இந்த இடத்தில்தான் போட்டிக் கருவிகள் பிரிகின்றன. யமஹா ஒய்டிஎஸ்-150 கையில் எடுத்தவுடன் நிஜ சாக்ஸ் போல இருக்கும். கீகளின் இடைவெளியும் அமைப்பும் அப்படியே, கீழே பித்தளை மணி வேறு. ஆல்ட்டோ மாணவர் ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டி விரல் பயிற்சி செய்ய அதுதான் நல்ல தேர்வு. ஆனால் அதில் உதட்டை உணரும் உணர்வி இல்லை, சுரத்தை வளைப்பது கட்டைவிரல் லீவரில்தான். வரிசையாக நாலு கம்பிதம் (சுரத்தை ஆட்டும் கமகம்) வந்தால் கட்டைவிரல் களைத்துப்போகும், தாளத்தோடும் ஒட்டாது. அகாயின் ஈவி வரிசையில் உதட்டு உணர்வி உண்டு, அதுவும் நல்ல உணர்வி. ஆனால் அதன் கீகள் அசையாத தொடுகீகள், விரல் பட்டாலே சுரம் மாறும். சென்னை மே மாதத்தில் விரலிலிருந்து வழியும் வியர்வையோடு அதை வாசிப்பது தனிப் பழக்கம். சாக்ஸ்காரரின் விரல் கீயின் மேல் ஓய்வாக உட்காரும். ஈவியில் அது உட்கார்ந்தவுடன் வேறு சுரம். ஏஈ-10 இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: அழுத்தினால் இறங்கும் பட்டன் கீகள், சாக்ஸ் விரலமைப்பு, கூடவே உதட்டு உணர்வி. கீகள் நிஜ சாக்ஸ் கீகளைப் போல விரியவில்லை, சற்று நெருக்கம். ஆல்ட்டோவுக்குத் திரும்பும்போது சுண்டுவிரல் முதல் பத்து நிமிடம் தடுமாறும். இது தாங்கக்கூடிய குறை.

எடை ஒரு கிலோவுக்கும் குறைவு, 855 கிராம். ஆல்ட்டோ இதைப்போல மூன்று மடங்குக்கு அருகில் இருக்கும் என்பதால் கழுத்துவலிக்காரர்களுக்கு இது நிஜமான நிம்மதி. 6 டபுள்-ஏ நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகளில் சுமார் 7 மணி நேரம் ஓடும். ரீசார்ஜ் செய்யக்கூடிய வகைதான் போட வேண்டும், கடையில் கிடைக்கிற சாதாரண செல் கூடாது. ரிச்சி தெருவில் வாங்கும்போது ஆறும் ஒரே தயாரிப்பு, ஒரே கொள்ளளவு என்று பார்த்து வாங்குங்கள், ஆறையும் சேர்த்தே சார்ஜ் செய்யுங்கள். புதியது நாலு பழையது ரெண்டு என்று கலந்தால் பலவீனமான செல் முதலில் தீர்ந்து, மற்றவற்றில் தெம்பு இருக்கும்போதே கருவி அணைந்துவிடும். பல்லவி நடுவில் அணைகிற கதையெல்லாம் பெரும்பாலும் இப்படி வருவதுதான்.

இனி உதட்டுக்கு வருவோம். இதை நிதானமாகச் செய்யாதவர்கள்தான் ஒரு வாரத்தில் கருவியை விற்கப் போகிறார்கள்.

உதட்டுக் கடியைக் கருவி பிட்ச் பெண்ட் தகவலாக மாற்றி அனுப்புகிறது. பிட்ச் பெண்ட் என்பது சுரத்தை வளைக்கச் சொல்லும் தகவல். மின்கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியான மிடியில் அது 16,384 படிகள் கொண்ட அளவு, படி போதவில்லை என்ற பிரச்சினை வராது. பிரச்சினை எல்லையில் இருக்கிறது. பெரும்பாலான சின்த்களும் ப்ளக்-இன்களும் (கணினியில் சேர்க்கும் ஒலி மென்பொருள்கள்) மேலே 2 அரைச்சுரம், கீழே 2 அரைச்சுரம் என்ற எல்லையோடுதான் வரும். தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தோடியில் வருவது ‘சாதாரண காந்தாரம்’ என்ற வகை, அதன் இடம் சட்ஜத்திலிருந்து 3 அரைச்சுரம். அதன் கம்பிதம் கீழே சுத்த ரிஷபத்தை நோக்கி இறங்கும், மேலே சுத்த மத்தியமத்தை நோக்கி ஏறும். அதாவது 1-லிருந்து 5 வரை. காந்தாரத்தின் விரலைப் பிடித்துக்கொண்டு கீழே 2, மேலே 2. கணக்குக்கு அந்த எல்லை அப்படியே பொருந்துகிறது. ஆனால் கணக்குக்கு மட்டும்தான். எல்லையின் விளிம்பைத் தொட உதட்டைக் கடைசி வரை இறுக்கவும் கடைசி வரை தளர்த்தவும் வேண்டும், அப்படி வாசித்தால் அசைவு வட்டமாக வராமல் இரு முனையிலும் சுவரில் முட்டி நிற்கிற மாதிரி தட்டையாகும். எல்லையை 3 ஆக்குங்கள். அசைவு முனையில் தானாகத் திரும்பும். கேட்டவுடன் வித்தியாசம் தெரியும்.

அப்படியானால் 12 வைத்துவிட்டால் எல்லா ஜாருவும் (ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவது) கிடைக்குமே என்று தோன்றும். வேண்டாம். உதடு எப்போதும் சிறிது நடுங்கும். அந்த நடுக்கம் உணர்வியின் அளவில் நூற்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், எல்லை 2-ல் அது 2 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகல், காது கண்டுகொள்ளாது. எல்லை 12-ல் அதே நடுக்கம் 12 சென்ட். தம்பூராவோடு சேர்ந்து நிற்கிற பஞ்சமத்தில் 12 சென்ட் அலைந்தால் சுருதி சேரவில்லை என்று யாரும் சொல்லிவிடுவார்கள். சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகிற நீண்ட ஜாருவை உதட்டால் எடுக்க முயலாமல் போர்ட்டமெண்ட்டோவால் எடுங்கள். மிடியில் அதை இயக்கி நிறுத்துவது சிசி (கட்டுப்பாட்டு எண்) 65, நேரத்தை வைப்பது சிசி 5. கட்டைவிரல் லீவரில் அதை ஏற்றிவைத்தால் வேண்டிய இடத்தில் மட்டும் சுரம் வழுக்கும்.

இன்னொரு நுணுக்கம், ஓய்வு நிலை. உதடு எந்தக் கடியும் இல்லாமல் இருக்கும் நிலையைக் கருவி பூஜ்யமாக எடுத்துக்கொண்டால், கடித்து மேலே போகலாம், கீழே போக இடமில்லை. ரீட்டின் மேல் எப்போதும் லேசான பிடி இருக்கும்படி பழகி, அந்தப் பிடியில் சுரம் சுருதியில் நிற்கும்படி அமைப்பை வைத்தால்தான் தளர்த்தும்போது சுரம் இறங்கும். ஆல்ட்டோ வாசித்தவருக்கு இது இயல்பாகவே இருக்கும். புல்லாங்குழல், கீபோர்டு பின்னணியில் வருகிறவர்களுக்குப் பத்து நாள் ஆகும். அது வரை அவர்களுக்கு வேறு வழி உண்டு: ரிஷபத்தின் விரலைப் பிடித்து மேலே மட்டும் 4 அரைச்சுரம் வளைத்து தோடி காந்தாரத்தை எடுப்பது. எல்லை 5 வைக்க வேண்டியிருக்கும், சிறிது முரட்டுத்தனமாக ஒலிக்கும், ஆனால் ராகம் ராகமாக இருக்கும். தொடக்க வாரத்தில் மோகனம், ஹம்ஸத்வனி போன்றவற்றை வைத்துக்கொண்டு உதட்டை நிலைப்படுத்திய பிறகு தோடிக்குப் போவதே நல்ல வரிசை.

கருவியில் ஒரு பெண்ட் எல்லை, கணினியில் உள்ள ப்ளக்-இன்னில் வேறு எல்லை என்றிருந்தால் எல்லாம் பாழ். கருவி 2 அரைச்சுரம் வளைப்பதாக நினைத்து அனுப்புவதை 12-ல் இருக்கும் ப்ளக்-இன் ஒரு ஸ்தாயியாக வாசிக்கும். புதுச் சத்தம் ஏற்றும்போதெல்லாம் முதலில் இதைப் பாருங்கள்.

மூச்சுக்கும் இதே கதைதான். மிடியில் மூச்சுக்கென்றே உள்ள எண் சிசி 2, உணர்ச்சி அளவுக்கு சிசி 11. கருவி இரண்டையும் அனுப்பும்படி இருந்து, ப்ளக்-இன் இரண்டையும் ஒலி அளவுக்கு எடுத்துக்கொண்டால் மூச்சு இரண்டு முறை பெருக்கப்படும். மெதுவாக ஊதினால் சத்தமே இல்லை, கொஞ்சம் அழுத்தினால் காது கிழிகிறது என்று குறை சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு நோய் இதுதான். ஒன்றை மட்டும் அனுப்புங்கள். சாக்ஸ் மாதிரிப் பதிவுகள் கொண்ட ப்ளக்-இன்களில் வெலாசிட்டி என்னும் அடி வேகத்தையும் நிலையாக 80-க்கும் 100-க்கும் இடையே வைத்துவிடுங்கள். இல்லையென்றால் மென்மையாகத் தொடங்கி வளர்கிற கார்வையில் (நீட்டிப் பிடிக்கும் சுரத்தில்) ப்ளக்-இன் மென்மையான மாதிரியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதிலேயே நிற்கும். எவ்வளவு ஊதினாலும் சத்தம் பெருகும், பிரகாசம் வராது.

கருவியின் உள்ளே இருக்கும் சாக்ஸ் ஒலிகள் நன்றாகவே இருக்கின்றன. ஆல்ட்டோ, சோப்ரானோ இரண்டும் மூச்சுக்குத் தகுந்தபடி நிறம் மாறுகின்றன, துத்துக்காரத்துக்கும் பதில் சொல்கின்றன. ஆனால் மூச்சு உள்ளே நுழைந்து வெளியேறும் விதம் ஆல்ட்டோ போல இல்லை. அழுத்தத்தைத்தான் உணர்வி அளக்கிறது, போக வழி மிகக் குறைவு. ஊதிய காற்று வாயில் தேங்கும், ஒரு வர்ணம் முடிவதற்குள் மூச்சு முட்டும். உதட்டோரங்களில் கொஞ்சம் காற்றை வெளியே விடப் பழக வேண்டும். அது பழகினால் ஆல்ட்டோவில் இரண்டு முறை மூச்செடுக்க வேண்டிய கார்வையை இதில் ஒரே மூச்சில் பிடிக்கலாம்.

விரல் தடுமாற்றம் இன்னொன்று. ஆல்ட்டோவில் இரண்டு பேட்கள் ஒரே நேரத்தில் மூடவில்லை என்றாலும் இடைப்பட்ட சுரம் தெளிவாகக் கேட்காது, காற்றுத் தண்டு அந்த வேகத்துக்கு நிலைபெறாது. சுவிட்சுக்கு அந்த இரக்கம் இல்லை. சில மில்லிசெகண்ட் வித்தியாசமும் தனிச் சுரமாகப் பதிவாகிவிடும். அமைப்பில் கீ டிலேயை (கீயின் மாற்றத்தைச் சற்றுத் தாமதித்து ஏற்பது) ஒவ்வொரு படியாகக் கூட்டி, தேவையற்ற சுரங்கள் மறைகிற முதல் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் கூட்டினால் துரிதகாலச் சங்கதிகள் சோம்பிவிடும். நிஜ மருந்து மெதுவான காலத்தில் சரளி வரிசை வாசித்து விரல்களை ஒருசேர இறக்கப் பழகுவதுதான். ஆல்ட்டோ விரல்களுக்கும் இது பெரிய நன்மை, ஏனென்றால் ஆல்ட்டோ மறைத்துவைத்த குற்றத்தையெல்லாம் இந்தக் கருவி காட்டிக்கொடுத்துவிடும்.

சுருதி விஷயத்தில் இந்தக் கருவி கச்சேரிக்காரருக்குப் பெரிய உதவி. ஆல்ட்டோ இ-ஃப்ளாட் கருவி. அதில் சி விரலைச் சட்ஜமாக வைத்தால் ஒலிப்பது இரண்டரைக் கட்டை. பாடகர் ஐந்தரை என்றால் வேறு விரலில் சட்ஜம் வைக்க வேண்டும், கமகத்தின் வசதி அங்கே மாறிவிடும். ஏஈ-10-ல் பழகிய விரலையே வைத்துக்கொண்டு டிரான்ஸ்போஸ் எண்ணை மாற்றலாம். கருவி சி-யில் இருக்கும்போது ஒன்றரைக் கட்டைக்கு +1, இரண்டரைக்கு +3, ஐந்தரைக்கு −4, ஆறுக்கு −3. இதைக் கருவியில் செய்தால் கணினியில் செய்யாதீர்கள், கணினியில் செய்தால் கருவியில் செய்யாதீர்கள். இரண்டிலும் இருந்தால் ஒத்திகையில் குழப்பம் நிச்சயம்.

சூட்டைப் பற்றி ஆல்ட்டோக்காரர்கள் நன்றாக அறிவார்கள். காற்று 1 டிகிரி சூடேறினால் குழாய்க் கருவியின் சுருதி ஏறக்குறைய 3 சென்ட் உயரும். குளிரூட்டிய சபாவிலிருந்து திறந்த பந்தலுக்கு வந்தால் மவுத்பீஸைக் கார்க்கில் வெளியே இழுத்துச் சுருதியை இறக்கத்தானே வேண்டியிருக்கிறது. மின்கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை. போட்ட சுருதியில் நிற்கும். ஆனால் பக்கத்தில் வாசிக்கும் நாகஸ்வரமோ புல்லாங்குழலோ சூட்டில் ஏறியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது. மாஸ்டர் டியூனிங்கை 442 அல்லது 443 ஹெர்ட்ஸுக்கு ஏற்றி அவர்களோடு சேருங்கள், அவர்களை இறங்கச் சொல்லாதீர்கள்.

சென்னைக் காற்றின் ஈரம்தான் கருவியின் எதிரி. மூச்சிலிருந்து வரும் நீர் மவுத்பீஸிலும் உள் குழாயிலும் தேங்கிக் கீழே சொட்டும். அது பழுது அல்ல, அதன் வழியே அதுதான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மவுத்பீஸைக் கழற்றி உதறித் துடையுங்கள். வாசித்து முடித்தவுடன் பெட்டியில் வைத்து மூடாதீர்கள். மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பெட்டியில் வையுங்கள். மவுத்பீஸின் ரீட் பகுதி தேய்கிற பாகம். உதட்டுக்குப் பதில் மந்தமானால் மாற்று மவுத்பீஸ் தனியாக வாங்கலாம். வகுப்பில் பல மாணவர் வாசிக்கிற கருவியென்றால் ஆளுக்கொரு மவுத்பீஸ் இருந்தே ஆக வேண்டும், துடைத்துவிட்டு அடுத்தவரிடம் கொடுப்பது போதாது.

மேடை இணைப்பில் ஒரு பிழை திரும்பத் திரும்ப நடக்கிறது, அதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கருவியின் வெளியீடு ஹெட்ஃபோனுக்குமான சின்ன ஸ்டீரியோ ஜாக். கல்யாண மண்டபத்தில் மிக்ஸர்காரர் ஸ்டீரியோ முனையுள்ள கேபிளை ஒரே பேலன்ஸ்டு உள்ளீட்டில் செருகிவிடுவார். அந்த உள்ளீடு ஒரு கம்பியின் ஒலியிலிருந்து மற்றதைக் கழிக்கும் வகையைச் சேர்ந்தது. இடது வலது இரண்டிலும் ஒன்றாக இருக்கும் சாக்ஸ் ஒலி அந்தக் கழித்தலில் காணாமல் போய், எதிரொலி மட்டும் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒலிக்கும். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். தேவை, சின்ன ஸ்டீரியோ ஜாக்கிலிருந்து இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் கேபிள், இரண்டு சேனல். ஒரே சேனல்தான் உண்டு என்றால் இடது பக்க மோனோ ஜாக்கை மட்டும் செருகுங்கள். லேப்டாப் வழியே வாசிக்கும்போது அதன் சார்ஜர் செருகியவுடன் ஒரு முணுமுணுப்பு எழுந்தால் அது எர்த் சுற்று. கிரவுண்ட் லிஃப்ட் (எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உள்ள டிஐ பாக்ஸ் என்ற இணைப்புப் பெட்டியை இடையில் வைத்தால் அடங்கும். கையில் டிஐ பாக்ஸ் இல்லாத அன்று சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் வாசியுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் வீட்டுப் பயிற்சிக்குப் போதும், மிருதங்கத்தோடு போதாது. ப்ளூடூத் ஹெட்ஃபோனை மட்டும் பயன்படுத்தாதீர்கள், தாமதத்தில் தாளமே கையை விட்டுப் போய்விடும்.

இசையமைப்பு வேலையில் இதன் மதிப்பு கூடுகிறது. யூஎஸ்பியில் கணினியில் செருகி, ஆடியோ பஃபரை (கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் தொகுதி) 128 மாதிரிகளில் வைத்தால் 48 கிலோஹெர்ட்ஸில் அந்தப் படியில் 2.7 மில்லிசெகண்ட் தாமதம்தான். 1024-ல் விட்டுவிட்டால் 21 மில்லிசெகண்ட், ஊதியபின் ஒலி வருவது உதட்டுக்கே தெரியும். மிடியோடு கருவியின் சொந்த ஒலியையும் தனி டிராக்கில் ஒரே நேரத்தில் பதிவு செய்யுங்கள். பின்னால் ப்ளக்-இன்னை மாற்றினாலும் முதலில் வாசித்த மூச்சு எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. குவான்டைஸ் பட்டனைத் தொடாதீர்கள். அது சுரங்களைக் கட்டத்துக்கு நகர்த்தும், மூச்சின் கோட்டை அங்கேயே விட்டுவிடும். சுரம் ஓரிடத்தில் தொடங்க மூச்சு வேறிடத்தில் எழ, ஒவ்வொரு சுரத்தின் தலையும் வெட்டுப்பட்டது போலாகும். தாளம் பிசகியிருந்தால் திரும்ப ஊதுவதுதான் வழி.

வகுப்புதான் இந்தக் கருவியின் நிஜமான இடம். 2008-ல் ஏ.ஆர். ரஹ்மான் கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரியைத் தொடங்கிய பிறகு இந்த நகரத்தில் மின்னிசையை முறையாகக் கற்கிற இளைஞர் கூட்டம் ஒன்று உருவாகியிருக்கிறது. வீட்டு ஸ்டுடியோவில் பத்துப் பேருக்குப் பாடம் சொல்கிறவர்களும் நிறைய. எல்லோரும் கீபோர்டில்தான் தொடங்குகிறார்கள். கீபோர்டு கற்றுத்தராத ஒன்று, சுரம் தொடங்கிய பிறகும் அது நம் கையில் இருக்கிறது என்பது. ஏடிஎஸ்ஆர் (சுரம் எழுந்து, தணிந்து, நின்று, அடங்கும் கட்டங்கள்) என்ற நாலு எழுத்தைக் கரும்பலகையில் வரைந்து விளக்குவதற்குப் பதில் இதைச் செய்து பாருங்கள்.

எந்த இலவச சின்த்தானாலும் சரி. ஒரே ஆஸிலேட்டர், அதில் சா-டூத் அலை. அட்டாக் 5 மில்லிசெகண்ட், சஸ்டெயின் முழுதாக, ரிலீஸ் 40 மில்லிசெகண்ட். அட்டாக் 80 என்று விட்டுவைத்தால் துரிதமாக வாசிக்கிற எதுவும் கேட்காது, பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். முதலில் மூச்சை ஒலி அளவுக்கு மட்டும் இணைத்து ஊதச் சொல்லுங்கள். சத்தம் கூடும் குறையும், ஆனால் உயிரில்லாமல் இருக்கும். அடுத்து அதே மூச்சை லோ-பாஸ் ஃபில்டரின் கட்-ஆஃபுக்கும் இணையுங்கள், மூச்சில்லாதபோது 300 ஹெர்ட்ஸ், முழு மூச்சில் 5,000 ஹெர்ட்ஸ். இப்போது மெல்ல ஊதினால் ஒலி மங்கல், அழுத்தினால் பளிச். மாணவர் முகம் மாறுவதை அந்த நொடியில் பார்க்கலாம். நாகஸ்வரமும் சாக்ஸும் அப்படித்தான், வலுவாக ஊதும்போது சத்தம் மட்டும் கூடுவதில்லை, மேல் ஹார்மோனிக்குகளும் எழுகின்றன. அந்த இயற்கை விதியை ஒரு ஃபில்டரால் செய்து காட்டிவிட்டீர்கள். ஃபில்டர் படிப்படியாகக் கரகரத்தால் மூச்சு 128 படிகளில் வருவதுதான் காரணம், சின்த்தில் 10 முதல் 20 மில்லிசெகண்ட் வரை ஸ்மூதிங் வைத்தால் மறையும். மூன்றாவதாக உதட்டை பிட்ச்சுக்கு இணைத்து, தம்பூராவைப் போட்டு, ஒரே சட்ஜத்தை அசையாமல் இரண்டு நிமிடம் பிடிக்கச் சொல்லுங்கள். சின்த்துக்கும் சுருதி ஞானம் வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இதில் ஒரு வரலாற்றுத் தொடர்ச்சியும் இருக்கிறது, மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது. 1970-களில் லிரிக்கான் என்ற கருவியோடு தொடங்கிய வகை இது. நைல் ஸ்டெய்னர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய வடிவத்தை 1987-ல் அகாய் ஈவி என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது, அதே ஆண்டில் யமஹாவின் டபிள்யூஎக்ஸ்-7 வந்தது. ஜாஸ் உலகில் இதை ஒரு முழுமையான வாத்தியமாக நிறுத்தியவர் மைக்கேல் பிரெக்கர். அவர் பிறந்தது 1949-ல். கத்ரி கோபால்நாத்தும் 1949-ல்தான் பிறந்தார். ஒருவர் சாக்ஸை மின்சாரத்துக்குள் கொண்டுபோனார், மற்றவர் சாக்ஸைச் சபாவுக்குள் கொண்டுவந்தார். மின் மாண்டலினையும் சாக்ஸஃபோனையும் ஏற்றுக்கொண்ட சென்னைச் சபாக்கள் மூச்சால் வாசிக்கிற சின்த்தை ஏற்காது என்று நினைக்கக் காரணம் எதுவுமில்லை. கமகம் கமகமாக இருந்தால் போதும்.

யாருக்கு இது வேண்டாம்? சாக்ஸ் கற்கத் தொடங்குகிறவருக்கு. ரீட் அதிராத கருவியில் உதட்டுப் பிடி வளராது, நீண்ட சுரப் பயிற்சியில் கிடைக்கிற தொனியும் வளராது. அவர்கள் மாணவர் தர ஆல்ட்டோ ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு வருடம் ஊதிய பிறகு இதற்கு வரலாம். மேடையில் ஆல்ட்டோவின் உடல் அதிர்வை விரும்புகிறவருக்கும் இது ஏமாற்றமே தரும், நெஞ்சில் பட்டு ஒலிக்கிற அந்தப் பித்தளை இதில் இல்லை.

இரண்டாம் கையில் வாங்கப் போகிறவர் கடைசியாகச் செய்ய வேண்டியது: சொந்த மவுத்பீஸைக் கொண்டுபோங்கள். ஹெட்ஃபோன் மாட்டி ஒவ்வொரு கீயையும் தனித்தனியே பத்து முறை அழுத்திப் பாருங்கள், ஒருமுறை தவறினாலும் அந்த சுவிட்ச் போகப் போகிறது. மூச்சை மிக மெதுவாக ஊதி, ஒலி எழுகிற இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஊதாதபோது ஒலி கசிந்தால் மூச்சு உணர்வியில் ஈரம் ஏறியிருக்கலாம். உதட்டை இறுக்கித் தளர்த்தி ஒரே சுரத்தில் கம்பிதம் செய்யுங்கள், டியூனரில் முள் ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். பேட்டரி அறையைத் திறந்து பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பியில் செருகிக் கேபிளை லேசாக ஆட்டிப் பாருங்கள், இணைப்பு விட்டுப்போனால் பேரம் பேச வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.